விழவில்லை, உட்கார்ந்தேன்

இயேசுதாசன் விழவில்லை. கேட்ட எல்லோரிடமும் அவரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

"விழலம்மா. கால் லேசா வழுக்குச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன்."

போன வாரம் அவர் சட்டை மாற்றும்போது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்ததை மகள் ஜோவன்னா பார்த்துவிட்டாள் அல்லவா, அப்போதும் இதே பதில்தான். உட்கார்ந்தால் விலாவில் எப்படி அடிபடும் என்று கேட்டாள். வயதான தோல், தொட்டாலே கன்றும் என்றார்.

இந்த வீட்டில் விழுவது வேறு, உட்காருவது வேறு. இரண்டுக்கும் நடுவில் மகன் குடியிருக்கும் சுவா சூ காங் இருக்கிறது.

தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, தேக்கா மார்க்கெட்டில் மீன்கடைப் பக்கம் நாலு பேர் பார்க்கப் பெரியவர் விழுந்தார். ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே என்று ஒரு நாள் போனது. நல்லவேளை, எலும்பு தப்பியது. அன்று மாலையே மகன் வேய்ன் வந்து சாப்பாட்டு மேசையில் தீர்ப்பைச் சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா நேரா எங்க வீடுதான்பா. ரூம் காலியாத்தான் இருக்கு. நோ டிஸ்கஷன்."

அப்பா சரியென்று தலையாட்டினார். ஆட்டிய நாளிலிருந்து விழுவதை அடியோடு விட்டுவிட்டார். அதற்குப் பதில் உட்கார ஆரம்பித்தார். கட்டிலோரம் உட்கார்ந்தார். அடுப்படியில் உட்கார்ந்தார். கடைசியாகக் குளியலறையில்.

வேய்ன் போனில் விசாரிக்கும்போதெல்லாம் ஜோவன்னாவும் அதையே ஒப்பித்தாள். "விழல, சும்மா உட்கார்ந்துட்டாரு." பெரியவருக்குக் குடியிருக்கும் ஃபேரர் பார்க்கை விட்டால் வேறு உலகம் கிடையாது. கீழே காப்பிக்கடையில் கூட்டாளி மாணிக்கம் காத்திருப்பார். தமிழ்ப் பூசை நடக்கிற கோயில் பஸ்ஸில் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். சுவா சூ காங்கில் மகனும் மருமகள் டானியலாவும் வேலைக்குப் போய்விட்டால் நாலு சுவரும் டிவியும்தான். அது தெரிந்துதான் அப்பா உட்கார்ந்தார். அது தெரிந்துதான் மகளும் உட்கார்ந்தார் என்றாள்.

ஆனால் அவளுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. ஐம்பதைத் தொட்டாயிற்று. கல்யாணம் கைகூடாமல் போனதைப் பற்றிப் பேசுவதை உறவினர்களே நிறுத்திவிட்டார்கள். துவாஸில் ஒரு கிடங்கின் ஆபிஸில் வேலை. இருட்டோடு எழுந்து சமைத்து, அப்பாவின் மதியச் சாப்பாட்டை மேசையில் மூடிவைத்து, ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய், அதே வழியில் மாலை திரும்பி வந்து, சாவியைத் துவாரத்தில் நுழைத்ததும் ஒரு கணம் அப்படியே நிற்பாள். உள்ளே என்ன கிடக்கிறதோ என்ற பயம். வேலைகூட அவளை இவ்வளவு களைப்பாக்கியதில்லை. அந்த ஒரு கணம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அப்பா ஒரே ஒரு முறை விழுந்தேன் என்று சொல்லிவிட்டால் தனக்கு விடுதலை என்று அவளுக்குத் தெரியும். அப்படி நினைத்ததற்காகப் போன ஞாயிறு பாவசங்கீர்த்தனமும் செய்தாள். கொஞ்சம் ஓய்வெடும்மா என்றார் ஃபாதர். எங்கே போய் எடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாலையில் கோயிலில் சிலுவைப்பாதை. அதற்கு முன்னால், மதியம், வீட்டுக்கு பிசியோ வருகிறார். மார்க்கெட்டில் விழுந்த பிறகு, நடக்கப் பயிற்சி தர டாக்டர் ஏற்பாடு செய்த ஆள். ஜோவன்னா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

அப்பா அதற்குள் வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும் போட்டு, தலையைப் படிய வாரி, கோயிலுக்குப் புறப்பட்ட கோலத்தில் நாற்காலியில் இருந்தார்.

"கோயிலுக்குச் சாயங்காலம்தானே போகணும்?"

"நேரமாச்சுன்னு சொல்லி அந்தப் பிள்ளையைச் சீக்கிரம் அனுப்பிடலாம்னுதான்."

"அப்பா."

"அவங்க என்ன கேட்டாலும் நீ பேசாத, ஜோவன்னா. நானே சொல்லிக்கிறேன்."

"என்ன சொல்வீங்க?"

"உள்ளதைச் சொல்வேன்."

உள்ளது எது என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற தெம்பும் இல்லை. பையை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினாள்.

பிசியோவின் பெயர் மைமூன். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் சாம்பல் நிறத் துணி, முதுகில் பெரிய பை. வாசலில் குவிந்திருந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார். காப்பி குடிக்கிறீர்களா என்று ஜோவன்னா கேட்டதற்கு, "நோன்பு அக்கா," என்றார்.

"நானும் இன்னிக்கு ஒருசந்திதான்," என்றார் அப்பா. ஒரே பட்டினிக் கட்சியில் சேர்ந்துவிட்டால் கேள்விகள் குறையும் என்று நினைத்திருக்க வேண்டும்.

மைமூன் முதலில் வீட்டைப் பார்த்தார். குளியலறையில் போன வருடம் மாட்டிய கைப்பிடிக் கம்பியில் இரண்டு துண்டும் ஒரு கைலியும் தொங்கின.

"இது துணி காயப் போடவா, அங்கிள்?"

"நல்லாக் காயுதுமா. காத்து வர்ற இடம்."

ஜோவன்னாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் துண்டை அங்கே போடுவது அவள்தான். மைமூன் துணிகளை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

பிறகு சோதனை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

"ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கா வைங்க."

"கோயில்ல நன்மை வாங்கப் போற மாதிரியா?"

"நாங்க தொழும்போதும் அப்படித்தான் நிப்போம். வைங்க அங்கிள்."

பெரியவர் முயன்றார். பாதி எழுந்ததும் தொடை நடுங்கியது, கை தானாக நாற்காலியைத் தேடிப் போனது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாலிபத்தில் எத்தனை மாடி உயரத்து ஏணியிலும் தினமும் ஏறி இறங்கியவர். ஒரு சாப்பாட்டு மேசை நாற்காலி தன்னைத் தோற்கடிப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"நாற்காலி பள்ளமா இருக்கு," என்றார்.

அடுத்து நடை. ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார் மைமூன். அப்பா காலைத் தூக்கியதுதான் தாமதம், ஜோவன்னாவின் கை அவருடைய முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

"அக்கா, கையை எடுங்க."

"விழுந்துட்டார்னா?"

"பக்கத்துல நான் இருக்கேன்லா. நீங்க பிடிச்சுக்கிட்டா நான் உங்க பேலன்ஸைத்தான் பார்க்கிறேன். அவரோடதை இல்ல."

ஜோவன்னா கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஆடினார். இடது பக்கம் சாய்ந்து, சமாளித்து, நின்றார். இத்தனை நாளாக அவரை நடத்தியது அவர் காலா, தன் கையா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

மைமூன் அவரை உட்கார வைத்து எதிரில் உட்கார்ந்தார்.

"கடைசியா எப்ப விழுந்தீங்க அங்கிள்?"

"மார்க்கெட்ல. அதான் டாக்டர் எழுதியிருப்பாரே."

"அதுக்கப்புறம்?"

"விழல."

"உட்கார்ந்தீங்களா?"

அப்பா திகைத்துப்போய் மகளைப் பார்த்தார். சத்தியமாக நான் சொல்லவில்லை என்று ஜோவன்னா தலையசைத்தாள்.

"யாரும் சொல்லல அங்கிள். எங்க வீட்டுலயும் யாரும் விழுந்ததே கிடையாது. எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்காங்க. எங்க வாப்பா இடுப்பெலும்பு உடையுற அளவுக்கு ஒரு தரம் உட்கார்ந்தாரு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஜோவன்னாவும் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

"சரி, விழல. உட்கார்ந்ததைப் பத்தியே பேசுவோம்," என்றார் மைமூன். "கடைசியா எங்க உட்கார்ந்தீங்க?"

"பாத்ரூம்ல."

"தலை சுத்துச்சா, வழுக்குச்சா?"

"கைலி நுனியை மிதிச்சுட்டேன்."

"அப்புறம் எப்படி எழுந்தீங்க?"

"எழுந்தேன்."

"உடனே எழுந்துட்டீங்களா?"

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, "ஜோவன்னா, எனக்கு ஒரு காப்பி போடும்மா," என்றார்.

ஒருசந்தி என்று சொன்னவர் காப்பி கேட்கிறார். அவள் எழுந்து போனாள். இந்த அடுக்குமாடி வீட்டில் அடுப்படி எவ்வளவு தூரம் இருந்துவிடப்போகிறது? கெட்டில் கொதிக்கும் முன்பே அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"காலையில இவ வேலைக்குக் கிளம்பினதும் குளிக்கப் போனேன். அப்ப விழுந்தது."

விழுந்தது என்றுதான் சொன்னார்.

"எப்ப எழுந்தீங்க?"

"இவ வர்ற நேரத்துக்கு."

"நாள் முழுக்கவா அங்கிள்?"

"நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். கால் மடங்கல. தரை ஈரம். குளிருச்சு. வெளிச்சம் மாறுறதை வச்சு மத்தியானம் ஆயிடுச்சு, சாயங்காலம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கடைசியில டாய்லெட்டைக் கட்டிப் பிடிச்சு எப்படியோ எழுந்துட்டேன். அவ சாவி போடுற சத்தம் கேட்டப்ப நாற்காலியில இருந்தேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜோவன்னா அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேசையில் மூடிவைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்றதற்கு ஒருசந்தி என்றார். செவ்வாய்க்கிழமையில் என்ன ஒருசந்தி என்று கத்தினாள். நான் என்ன மிஷினா, விடியற்காலையில் எழுந்து சமைத்து வைக்கிறவள் மேல் ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டாள். சோற்றை அப்படியே குப்பையில் கொட்டினாள். அதன் பிறகு அன்று அவரிடம் பேசவே இல்லை. அவர் அமைதியாக இரண்டு பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

"யாரையும் கூப்பிடலையா?" மைமூன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாணிக்கம் வந்தான். காப்பிக்குப் போகலாம்னு கதவைத் தட்டினான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்."

"நீங்க?"

"வாயை மூடிக்கிட்டேன்."

"ஏன் அங்கிள்?"

"அவன் வந்து தூக்கினா அது விழுந்ததா ஆயிடுமே."

கெட்டில் கொதித்து நின்றது. ஜோவன்னா காப்பி போடவில்லை. வெறுங்கையோடு வந்து அடுப்படி வாசலருகே நின்றாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மைமூன் அனுதாப வசனம் எதுவும் பேசாமல் வேலையைத் தொடர்ந்ததற்காக ஜோவன்னா பிறகு நன்றியோடு நினைத்துக்கொண்டாள். பையிலிருந்து பாயை எடுத்து விரித்து, தானே அதில் மல்லாந்து படுத்தார்.

"இப்ப நான் விழுந்துட்டேன். பாருங்க. அவசரமா எழுந்திரிக்கக் கூடாது. முதல்ல மூச்சு விடணும். எங்கயாவது வலிக்குதான்னு பார்க்கணும். அப்புறம் ஒரு பக்கமாப் புரளணும். கையையும் முழங்காலையும் ஊன்றி, பக்கத்துல இருக்கிற நாற்காலிக்குத் தவழ்ந்து போகணும். நாற்காலியில கை, ஒரு பாதம் தரையில, அப்புறம் அழுத்தி எழுந்து உட்காரணும்."

"தவழணுமா?" என்றார் அப்பா.

"தவழலாம் அங்கிள். யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க."

வெள்ளைச் சட்டையோடு அவர் பாயில் இறங்கினார். இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. புரளும்போது முனகினார். இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்தபோது தலை குனிந்து, காதுமடல் சிவந்துபோனது. ஜோவன்னாவுக்குப் பார்க்கவும் முடியவில்லை, முகத்தைத் திருப்பவும் மனம் வரவில்லை. அவர் நாற்காலியைப் பிடித்து, ஒரு பாதத்தை ஊன்றி, முக்கி எழுந்து உட்கார்ந்தார். மேல்மூச்சு வாங்கியது.

"இதை அன்னிக்கே யாராவது சொல்லிக் குடுத்திருந்தா மதியச் சோறு சாப்பிட்டிருப்பேன்," என்றார்.

மைமூன் தினசரி செய்யவேண்டியதைச் சொன்னார். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பக்கவாட்டில் நடப்பது. கைலியைக் கணுக்காலுக்கு மேலே கட்ட வேண்டும். கம்பியில் இனி துணி கிடையாது.

"இன்னிக்குக் கோயிலுக்குப் போறீங்களா? அங்க என்ன செய்வீங்க?"

"சிலுவைப்பாதை. பதினாலு நிலை. ஒவ்வொண்ணுக்கும் முழங்கால் போட்டு எழுந்திரிக்கணும்."

"போங்க. ஆனா உட்கார்ந்தே சொல்லுங்க. தொடைக்குப் பலம் வரட்டும். முழங்கால் போடுறதை நானே சொல்லித் தர்றேன்."

வாசலில் ஷூவை மாட்டும்போது மைமூன் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அவர் விழுந்ததுகூட எனக்குப் பெருசில்ல. காலைச் சரிபண்ணிடலாம். கூப்பிடாம கிடந்தார் பாருங்க, அதுக்கு என்கிட்ட பயிற்சி இல்ல. எதுக்கோ ரொம்பப் பயப்படுறாரு. அது என்னன்னு பார்த்துக்கங்க."

எதற்குப் பயப்படுகிறார் என்று ஜோவன்னாவுக்குத் தெரியும். அந்தப் பயத்தை இத்தனை நாளாகக் கட்டிக் காத்தவர்களில் தானும் ஒருத்தி என்பதும் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இன்னிக்குக் கோயிலுக்கு வேணாம்பா. படுங்க."

"போகத்தான் போறேன்."

"விழுந்து நாள் பூரா கிடந்திருக்கீங்க."

"ஆண்டவரே சிலுவையோட மூணு தரம் விழுந்தாரும்மா. அவரை யாராவது சுவா சூ காங்குக்கு அனுப்பினாங்களா?"

வழக்கமாக அப்பாவின் இந்த மாதிரிப் பேச்சுக்கு அவள் சிரித்துவிடுவாள். இன்றைக்கு முடியவில்லை.

"அவர் சிலுவைக்குத் தோள் குடுக்கச் சீமோன் வந்தாரு. எனக்கு யாருப்பா வந்தா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை.

"நான் களைச்சுட்டேன்பா. தினமும் கதவைத் திறக்கவே பயமா இருக்கு. திறந்தா நீங்க எப்படி இருப்பீங்களோன்னு. நான் பயந்தது நிஜமாவே நடந்திருக்கு. அது தெரியாம உங்களைத் திட்டிட்டுச் சோத்தைக் கொட்டியிருக்கேன்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே. அப்பா எழுந்து வரப் பார்த்தார். எழுவதற்குள் அவள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னிக்கு வேய்ன்கிட்ட சொல்லப் போறேன். விழுந்தீங்கன்னே சொல்லப் போறேன்."

பெரியவர் கசங்கிய சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். எதிர்த்துப் பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவளுடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மகளைச் சரியாகப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்பதுபோல.

"சொல்லு," என்றார்.

வேய்ன் நேரத்துக்குக் காரோடு வந்துவிட்டான். நல்ல பிள்ளைதான். அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டான். வழியெல்லாம் வெள்ளிக்கிழமை நெரிசலைத் திட்டிக்கொண்டு வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூங்கவில்லையா என்று அப்பா கேட்டதற்கு, வேலை அதிகம் என்றான்.

கோயிலில் அப்பா கடைசி வரிசைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். சிலுவைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு நிலைக்கும் கூட்டம் முழுவதும் மடமடவென்று முழங்கால் போட, அவருடைய நரைத்த தலை மட்டும் தனியாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்த தெரிந்தவர்களிடம், "டாக்டர் சொல்லிட்டாங்க," என்று வாயசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

ஜோவன்னா தம்பியைக் கண்ணால் கூப்பிட்டு வெளியே முகப்புக்கு வந்தாள்.

"பிசியோ என்ன சொன்னாங்க அக்கா?"

"அப்பா விழுந்தாருடா."

"இன்னிக்கா?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம். பாத்ரூம்ல. காலையில விழுந்து நான் வர்ற வரைக்கும் தரையிலயே கிடந்திருக்காரு. மாணிக்கம் அங்கிள் கதவைத் தட்டியும் கூப்பிடல."

வேய்ன் சுவரில் சாய்ந்தான். "ஐயோ," என்றான் மெதுவாக. உள்ளே ஃபாதரின் குரலும் மக்களின் பதிலும் மாறி மாறிக் கேட்டன.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்," என்றாள் ஜோவன்னா. "எனக்கும் முடியலடா. கொஞ்ச நாளைக்காவது உங்க வீட்டுல இருக்கட்டும். பகல்ல பார்த்துக்க ஒரு இடம் தேடிக்கலாம். மைமூன் அங்கயும் ஆள் ஏற்பாடு பண்ணித் தருவாங்க."

"அக்கா, நீ உட்கார்ந்தாருன்னுதானே சொன்ன?"

"சொன்னேன். தப்பு. விழுந்தாரு."

"இல்ல, ஒருவேளை நிஜமாவே உட்கார்ந்து, எழுந்திரிக்க முடியாம..."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். இதே சொல்லை அப்பாவின் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள், தன் வாயாலும் சொல்லியிருக்கிறாள். தம்பியின் வாயில் இது எதற்கு வருகிறது?

"என்னடா?"

வேய்ன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரூம் இல்லக்கா."

"என்ன ரூம் இல்ல?"

"டானியலாவோட அம்மா வந்துட்டாங்க. அவங்க வீட்டு மாடிப்படியில அவங்களும் விழுந்து கை உடைஞ்சிடுச்சு. தனியா விட முடியல. அந்த ரூம்லதான் இருக்காங்க. ராத்திரியில நானும் டானியலாவும் மாத்தி மாத்தி எழுந்து பார்க்கிறோம்."

"எப்ப வந்தாங்க?"

"அப்பாகிட்ட அன்னிக்குச் சொல்லிட்டுப் போனேன்ல, அதுக்கு அடுத்த வாரமே."

"ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பெரிசாப் பேசிட்டு வந்துட்டேன். அப்புறம் பார்த்தா அப்பா விழவே இல்லைன்னு நீயும் சொல்லிக்கிட்டே இருந்த. சரி, தேவைப்படாதுன்னு நினைச்சுட்டேன்."

ஜோவன்னாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. தம்பியின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு எதனால் என்று மட்டும் இப்போது புரிந்தது.

"அந்த ரூமுக்குப் பயந்துதான் அப்பா நாள் பூரா ஈரத் தரையில கிடந்தாருடா," என்றாள். "வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்திருக்காரு."

வேய்ன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

"இப்ப அவர்கிட்ட என்னக்கா சொல்றது?"

அவளுக்கும் தெரியவில்லை. அங்கே போகவேண்டாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவார். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லவேண்டி வரும். இல்லாத ஒரு அறைக்காக அவர் பட்டது அத்தனையும் வீண் என்று சொல்லவேண்டி வரும். அதைவிட, சனி ஞாயிறு போனால் திங்கட்கிழமை வந்துவிடும், அவள் துவாஸுக்குப் போகவேண்டும், அப்பா தனியாகத்தான் இருப்பார்.

அவள் உள்ளே போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேய்னும் பின்னாலேயே வந்து பெஞ்சுக்குப் பின்னால் நின்றான். கூட்டம் அடுத்த நிலைக்காக எழுந்து பாடத் தொடங்கியிருந்தது. பாட்டுச் சத்தத்தில் அப்பா அவள் பக்கம் குனிந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

"நல்லது." அவர் தலையாட்டினார். முகத்தில் வருத்தமில்லை. ரொம்ப நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவரின் நிதானம் இருந்தது. "மத்தியானத்துலேர்ந்து யோசிச்சுப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். நான் என் இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உன்னைப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். நான் போறேம்மா. நீ கொஞ்சம் தூங்கு."

"அப்பா, அது வந்து..."

"நீ ஒண்ணும் சொல்லாத. எனக்கு அங்க கஷ்டமில்ல. மாணிக்கத்தை மாசத்துக்கு ஒரு தரம் வரச் சொல்றேன். ரயில் இருக்குல்ல."

பிறகு திரும்பினார். பின்னால் மகன் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஈஸ்டருக்கு முன்னாடியே வந்து கூட்டிட்டுப் போயிடுடா," என்றார். "அக்கா பாவம், ரொம்பக் களைச்சுட்டா."